கேஸ் என்றால் எந்த கேஸ்

எங்கள் குடியிருப்பு ஆபீசில் டெலிபோன் எடுக்கும் வேலை பார்த்த அம்மாவுக்கு ‘அகராதி அக்கா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். மரியாதையில் வைத்த பெயர் இல்லை. திமிர் பிடித்தவர்களை ‘அகராதி பிடிச்சது’ என்று திட்டுவோமே, அந்த அர்த்தத்தில் வைத்தது. வேலைக்கு வந்த முதல் நாளே, நான் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘லீக்கேஜ்’ தப்பாக இருக்கிறது என்று சிவப்புப் பேனாவால் திருத்தி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பதினைந்து வருஷம் குழாயோடு மல்லுக்கட்டியவன் நான். பொத்துக்கொண்டு வந்தது. “குழாயை நான் பார்த்துக்கறேன், ஸ்பெல்லிங்கை நீங்க பார்த்துக்கங்க” என்றேன். “சரிங்க தம்பி. ரெண்டுமே ஒழுகாம இருந்தா சரி” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தம்பி.

ஐந்து கட்டடம், நாற்பத்தைந்து வீடு. ஆபீஸ் என்பது முதல் கட்டடத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. கூரை படியோடு சேர்ந்து சரிந்து வரும். மறந்துபோய் இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தால் மண்டை இடிக்கும். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், வருகிற அழைப்புகளையெல்லாம் எழுதும் ரெஜிஸ்டர், எனக்கு ஒரு ஸ்டூல். தண்ணீர்க் குழாயும் என் பொறுப்பு, சமையலறைகளுக்குப் போகும் கேஸ் குழாயும் என் பொறுப்பு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழே கேஸை அடைக்கிற வால்வு ஒன்று பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அந்த ஐந்து பெட்டிக்கும் ஒரே சாவி. அது எப்போதும் என் இடுப்பில் இருக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் கணவர் தவறிப்போய் ஆறு வருஷம். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று இருந்த ஒன்றரை அறை வீட்டில் இருவரும் இருந்தார்கள். கரண்ட் போனால் அந்த வீட்டுச் சுவரே நடுங்கும். அந்தப் பெண் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படிப்பாள். வேலை இருக்கும்வரை வீடு. அதுதான் ஏற்பாடு. பக்கத்து வீட்டில் இருந்த எனக்கும் அப்படித்தான்.

அகராதிப் பைத்தியம் அக்காவுக்கு இங்கே வந்துதான் பிடித்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ, தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கில அகராதியைக் குப்பையோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். அட்டை கிடையாது. ‘ஏ’ எழுத்து முழுசாகவே கிடையாது. அதனால் ‘ஏ’யில் தொடங்கும் எந்த வார்த்தையைக் கேட்டாலும் “அது நம்ம கடையில இல்ல தம்பி” என்பார். மற்றபடி அழைப்பு வராத நேரமெல்லாம் அதைத்தான் படிப்பார். ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம் என்று நோட்டு போட்டு, என்னென்ன அர்த்தம், எங்கேயிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பார். இதனால் சம்பளம் ஏறுமா, பதவி ஏறுமா? ஒன்றும் ஏறாது. “அப்புறம் எதுக்குக்கா?” என்று கேட்டேன். “நாள் பூரா அடுத்தவங்க வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எழுதறேன். அது என்னன்னு தெரிஞ்சுக்க வேணாமா?” என்றார்.

‘கேஸ்’ என்ற வார்த்தை மட்டும் நாலு பக்கம் தின்றது. நல்ல மழை பெய்த ஒரு நாள், வெளிவேலை இல்லாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் படித்துக் காட்டினார். கோர்ட்டில் நடப்பது கேஸ். ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி கேஸ். பிழைக்கமாட்டான் என்றால் ‘கேஸ் தேறாது’. கிறுக்குத்தனம் பண்ணுகிறவனைப் பார்த்து ‘அவன் ஒரு கேஸு’. துணி அடுக்குவது சூட்கேஸ். மூக்குக்கண்ணாடி வைக்கும் கூடு கேஸ். கம்ப்யூட்டரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கேட்கிறதே, அதுவும் கேஸ்தான்; அந்தக் காலத்தில் அச்சு எழுத்துகளைப் பெட்டியில் போட்டு, பெரிய எழுத்துப் பெட்டியை மேலேயும் சின்ன எழுத்துப் பெட்டியைக் கீழேயும் வைத்திருந்தார்களாம்.

“பெட்டிக்கும் வழக்குக்கும் என்னக்கா சம்பந்தம்?”

“சம்பந்தமே இல்ல. ஒரே பேர் வச்ச ரெண்டு ஆளுங்க மாதிரி. பெட்டிங்கற கேஸ், ‘பிடிச்சு வைக்கறது’ங்கற பழைய லத்தீன் சொல்லோட வம்சம். வழக்குங்கற கேஸ், ‘விழறது’ங்கற சொல்லோட வம்சம். எது நம்ம தலையில வந்து விழுதோ அது கேஸ்.”

“விழறதுன்னா அது என் கேஸ்தான். மொட்டை மாடியிலேர்ந்து எவ்வளவு தண்ணி விழுது!”

“இருங்க, இன்னொண்ணு இருக்கு. ஸ்கூல்ல வேற்றுமை படிச்சோமே, ஐ, ஆல், கு, இன், அதுன்னு? அதுக்கும் இங்கிலீஷ்ல கேஸ்னுதான் பேரு. சொல்லு நேரா நின்னா முதல் வேற்றுமை. சாஞ்சு விழுந்தா மத்ததெல்லாம். ‘பிளம்பர் வந்தார்.’ இது முதல் வேற்றுமை. ‘பிளம்பரால் குழாய் ஒழுகியது.’ இது மூணாவது.”

“நல்லா இருக்குக்கா, நல்லா இருக்கு” என்று எழுந்துபோனேன். மண்டை இடித்தது. அக்கா சிரித்த சிரிப்பு இரண்டாவது மாடிவரை கேட்டிருக்கும்.

அந்த நாலு பக்கத்தில் எல்லா கேஸும் இருந்தது. அடுப்பில் எரிகிற கேஸ் மட்டும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அது வேறு எழுத்தில் தொடங்கும் வேறு வார்த்தை. அகராதியில் இருநூறு பக்கம் தள்ளிக் கிடக்கும். நம் வாய்க்குள் வந்தால்தான் வழக்கும் எரிவாயுவும் ஒரே ‘கேஸ்’ ஆகிவிடுகின்றன. அக்கா கண்ணால் படித்தவர். காது தனி என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது முப்பத்திநாலைச் சொல்ல வேண்டும். நாலாவது கட்டடம், மூன்றாவது மாடி, வீட்டு எண் முப்பத்திநாலு. ஆளையே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பு சரியில்லாத தங்கையைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கு மேல் கோபம். அவர் வீட்டுக்கு நேர் மேலே மொட்டை மாடியில் குடியிருப்போர் சங்கம் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டியது, கூரை ஊறிப்போனது, அவர் சங்கத்தின் மேல் கோர்ட்டில் கேஸ் போட்டார். அன்றிலிருந்து தினம் ஒரு தடவையாவது போனில் கத்துவார். சங்கச் செயலாளர் ஒருநாள் ஆபீசுக்கு வந்து அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்: “முப்பத்திநாலு கேஸ் பத்திப் பேசினா ஒரு வார்த்தை பதில் சொல்லக் கூடாது. வக்கீல்கிட்ட பேசச் சொல்லிட்டு வச்சிடுங்க. நீங்க ஏதாவது வாயை விட்டா அதையும் கோர்ட்ல கொண்டு போய் வச்சிடுவான்.”

அன்று காலை பதினொன்றரை இருக்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய குழாய்த் திருகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்கா எடுத்தார். எதிர்ப்பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது.

“ஆபீஸா? முப்பத்திநாலு. கேஸ் விஷயம். உடனே ஆளை அனுப்புங்க!”

“சார், கேஸ் விஷயமா இங்க எதுவும் பேசக் கூடாதுன்னு உத்தரவு. வக்கீலைப் பாருங்க.”

“வக்கீலா? என்னம்மா உளர்ற? அவசரம்மா!”

“அவசரம்னாலும் வக்கீல்தான் சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த கையோடு ரெஜிஸ்டரில் எழுதினார். ரெஜிஸ்டரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது சங்கத்தின் விதி. முப்பத்திநாலு, வழக்கு, வக்கீலைப் பார்க்கச் சொல்லப்பட்டது. முத்து முத்தான எழுத்து.

உடனே திரும்ப அடித்தது. போன் திரையில் முப்பத்திநாலின் நம்பர். அக்கா கை போனுக்குப் போனது.

“எடுக்காதீங்கக்கா” என்றேன். “அந்த கேஸுக்கு வேற வேலை இல்ல.”

நான் சொன்ன சிலேடைக்கு நானே சிரித்தேன். அக்காவும் லேசாகச் சிரித்துக் கையை எடுத்துக்கொண்டார். போன் ஒன்பது தடவை அடித்து நின்றது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து ஜன்னலில் அந்த மனிதர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. ஒரு காலில் செருப்பு இல்லை. “நீங்கல்லாம் மனுஷங்களா? வீடு பூரா கேஸ் நாத்தம், வக்கீலைப் பாருங்கற! வக்கீல் வந்து வால்வை அடைப்பானா? தங்கச்சி மாத்திரை போட்டுத் தூங்கறா, என்னால தூக்க முடியல…”

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “தம்பி, சாவி!” என்று கத்தினார். நான் ஓடினேன். நாலாவது கட்டடம் என்ன, நூறு கஜம் இருக்கும். பாதி வழிகூடப் போகவில்லை. மூன்றாவது மாடி ஜன்னல் அப்படியே வெளியே வந்து விழுந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் காதில் ஏறினமாதிரி இருந்தது.

அவர் தங்கை எழுந்து பார்த்திருக்கிறார். ஒரே நாற்றம். நாற்றம் போகட்டும் என்று சமையலறை ஃபேன் சுவிட்சைப் போட்டிருக்கிறார்.

சாயங்காலம் அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலில் நர்ஸ், “எந்த கேஸோட ஆளுங்க? பர்ன்ஸ் கேஸா?” என்று கேட்டார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தலையாட்டினேன். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இரண்டு கையும், முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயிருந்தன.

மறுநாளே ஆரம்பித்தார் செயலாளர். ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“கேஸ் பாதுகாப்பு ஆபீசர் விசாரணைக்கு வர்றார். நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நீங்க எழுதினதைக் காட்டுங்க, போதும். வழக்கு பத்திப் பேசினான்னு உங்க கையாலதான் எழுதியிருக்கு.”

“அவர் சொன்னது அடுப்பு கேஸ் சார். நான்தான் தப்பா…”

“தப்பா கேட்டீங்களா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அவன் கேஸ்னான், நீங்க கேஸ்னு எழுதினீங்க. இதுல பொய் எங்க இருக்கு?”

“அப்ப அவர் ஆளை அனுப்புங்கன்னு சொல்லியும் யாரும் வரலைங்கறது?”

“அவன் சொல்லவே இல்ல. அடுப்பைத் திறந்து போட்டுட்டு, சங்கத்து மேல இன்னொரு கேஸ் சேர்க்கறான்.” எழுந்துகொண்டார். “பொண்ணுக்கு எப்ப பரீட்சை? ரெண்டு மாசம் இருக்குல்ல? நல்லா படிக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். மிரட்டினார் என்று யாரும் சொல்ல முடியாது. படுபாவி, விசாரித்துவிட்டுப் போனார்!

அதற்குள் குடியிருப்பு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. முப்பத்திநாலு அடுப்பைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே சண்டைக்கு வந்துவிட்டான், தங்கச்சியைக் கொளுத்திவிட்டான் என்று. அவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அக்கா பேசாமல் இருந்தால் அவர்மேல் போலீஸ் கேஸ் விழும். பேசினால் அக்காவுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. நானோ, யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை என்ற நிம்மதியில் குழாய்களை முன்னைவிட நன்றாகத் திருகிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் அக்கா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேஸ் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

“என்னக்கா?”

“விட்டுப்போனதை எழுதறேன். அடுப்பு கேஸ். யாரோ ஒரு மருத்துவர் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னாடி உண்டாக்கின வார்த்தையாம். கிரேக்க மொழியில ‘கேயாஸ்’னு ஒண்ணு இருக்கு, ஒரே குழப்பம்னு அர்த்தம். அதைப் பார்த்து வச்சிருக்கார்.” பேனாவை மூடினார். “அன்னிக்கே புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சிருந்தா மட்டும் என்னக்கா? அந்த ஆளு கத்தின கத்தல்ல…”

“அவர் கத்தினார்னு சொல்லாதீங்க தம்பி. வீட்டுல அவ்வளவு கேஸ் இருந்தா நான் பாடியிருப்பேனா?” என்று என்மேல் பாய்ந்தார். அக்கா என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சங்கக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. கேஸ் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மேஜை, எதிரே அக்கா, ஓரத்தில் முப்பத்திநாலு, பின்னால் செயலாளர், நான், இன்னும் பத்துப் பேர். அதிகாரி ரெஜிஸ்டரைப் படித்தார். “வழக்கு பத்திப் பேசினார்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார். ஆனா அவர் சொன்னது அது இல்ல. வீட்டுல கேஸ் கசியுது, ஆள் அனுப்புங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டார். நான் வழக்குன்னு நினைச்சு வச்சிட்டேன். கேஸ் பத்திப் பேசினா வச்சிடணும்னு எனக்கு உத்தரவு.”

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டையும் சொல்லிக் காட்டுங்க. வழக்கைச் சொல்லுங்க.”

“கேஸ்.”

“அடுப்புல எரியறது?”

“கேஸ்.”

“எனக்கு வித்தியாசம் தெரியலையே” என்றார் அதிகாரி.

“எனக்கும் தெரியலை சார். தெரியலைன்னா, எந்த கேஸ்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை.”

“ரெண்டாவது தடவை அடிச்சதாமே? அப்ப ஏன் எடுக்கலை?”

அக்கா திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் எழுந்திருப்பேன். சத்தியமாக எழுந்திருப்பேன். அவர் திரும்பவே இல்லை.

“எடுக்கலை சார்.”

“யாராவது வேணாம்னாங்களா?”

“இல்ல. என்னாலதான்.”

‘பிளம்பரால் குழாய் ஒழுகியது’ என்று மழை நாளில் சிரித்தது ஞாபகம் வந்தது. இடுப்பில் சாவி குத்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று இப்போது நீங்கள் சொல்லலாம். நான் தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

முப்பத்திநாலு மேல் தப்பில்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரி போனார். ஒரு வாரத்தில் அக்காவை நிறுத்தினார்கள். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் ஏற்ற நான்தான் போனேன். அகராதியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டியிருந்தார். வேன் முன்சீட்டில் மகள் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னிக்கு நான் எழுந்து சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா நீங்களும் காலி பண்ணணும். ரெண்டு வீட்டுச் சாமான் இந்த வேன்ல ஏறாது தம்பி” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, அவருக்கு முன்னால், வேன்காரன் முன்னால், வெட்கமில்லாமல். அக்கா இப்போது ஒரு கண் டாக்டரிடம் போன் எடுக்கிறார். யார் என்ன சொன்னாலும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாராம். டாக்டருக்கு எரிச்சலாம்.

ஆபீசுக்குப் புதுப் பெண் வந்தாள். போனில் கேஸ் என்று காதில் விழுந்தால் யோசிக்காமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது இப்போதைய உத்தரவு. போன வாரம் மத்தியானம் போனை அப்படியே போட்டுவிட்டு அலறினாள்: “அண்ணே, முப்பத்திநாலு! கேஸாம்!”

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கீழே வால்வை அடைத்தேன். மூன்று மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கூடத்தில் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நாற்றம் இல்லை. நாய் மாதிரி மூலை மூலையாக மோந்து பார்த்தேன்.

“எங்க சார் கேஸ்?”

“சூட்கேஸ்னு சொன்னேன்” என்றார். “பரண்ல இருக்கு. எட்டலை. அந்தப் பொண்ணு முழுசா கேக்காம வச்சிட்டா.” பிறகு, நான் கேட்காமலே, “தங்கச்சி இனிமே இந்த வீட்டுக்கு வரமாட்டேங்கறா. வேற இடம் பார்த்திருக்கேன்” என்றார்.

ஏணியைப் போட்டு ஏறினேன். பரணில் தங்கையின் பழைய சூட்கேஸ், பாதி கருகியிருந்தது. அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கும்போது, பாதி ஏணியில் கால் நின்றுவிட்டது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

“சார், அன்னிக்கு ரெண்டாவது தடவை போன் அடிச்சப்போ எடுக்க வேணாம்னு சொன்னது நான்தான். அக்கா எடுக்கத்தான் பார்த்தாங்க. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு.”

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒன்பது தடவை அடிச்சுது” என்றார். “நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

“நானும்தான் சார்.”

இறங்கி வந்து சூட்கேஸை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“உன் கையால குடுக்காதே. கீழ வை” என்றார். “வச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தேன்.